வீடு பிழைத்தது, தெரு பிழைக்குமா?



பழமையைக் காப்பது பணமா, பழக்கமா? இதுதான் இந்த வார அரங்கத்தின் கேள்வி. பதில் தேடி ஜப்பான் நாட்டின் கியோத்தோ நகரத்தில் உள்ள ஒரு குறுகிய தெருவுக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்தத் தெருவில் நூறு வயதான மரவீடு ஒன்று நிற்கிறது. ஒரு காலத்தில் முன்னால் கடையும் பின்னால் குடும்பமுமாக இருந்த வீடு அது. இன்று அதில் குடும்பம் இல்லை. ஓரிரவு, ஈரிரவு தங்கிப் போகும் பயணிகள் இருக்கிறார்கள். முழு வீட்டையும் தங்களுக்கென்றே எடுத்துக்கொண்டு, பெரிய தங்கும் விடுதிகளுக்குக் கொடுப்பதைவிட அதிகமாகவே கொடுக்கிறார்கள்.

அந்தப் பணத்தால்தான் வீடு நிற்கிறது. இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வீடு நின்றால் போதுமா? அதைச் சுற்றியிருக்கும் தெருவின் கதி என்ன? இதைப் புரிந்துகொள்ள ஒரு குடும்பத்தை அந்த வீட்டுக்கு அனுப்பிவைப்போம்.

கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுப் பாட்டி, அவருடைய மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேரன், பேத்தி. ஆண்டு முழுக்க சேமித்த பணத்தில் இரண்டு இரவுகளுக்குப் பதிவு செய்திருக்கிறார் மகன்.

மாலை ஆறு மணி. வாடகைக் கார் தெருமுனையிலேயே நின்றுவிடுகிறது. தெரு அவ்வளவு குறுகல். பிள்ளைகள் இருவரும் சக்கரம் வைத்த பயணப்பெட்டிகளைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். வாசலில் காத்திருந்த விடுதிப் பொறுப்பாளர் குனிந்து வணங்குகிறார். வணங்கிய கையோடு ஓடிவந்து பெட்டிகளை வாங்கிக்கொள்கிறார். அவர் இழுக்கவில்லை, இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு நடக்கிறார். ஏன் என்று பிள்ளைகளுக்கு அப்போது புரியவில்லை.

பாட்டிக்கோ பெரிய ஏமாற்றம்.

"என்னப்பா இது? கொடுத்த காசுக்கு வாசல் இவ்வளவுதானா?"

"உள்ளே வாங்கம்மா. பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க."

விலாங்கு மீனின் படுக்கை

பாட்டி கேட்டதில் தவறில்லை. இந்த வகை வீட்டை ஜப்பானியர் மச்சியா என்பார்கள். நகரத்து வீடு என்று பொருள். அதற்குச் செல்லப்பெயர் ஒன்றும் உண்டு: விலாங்கு மீனின் படுக்கை. தெருவைப் பார்த்த பக்கம் ஐந்தாறு மீட்டர்தான் இருக்கும். உள்ளே இருபது, முப்பது மீட்டர் நீளத்துக்குப் போகும். வாசலின் அகலத்தைப் பார்த்து வரி போட்டதால் இப்படிக் கட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். தெருவோரத்தில் இடம் பிடிக்க வணிகர்களுக்குள் இருந்த போட்டியும் சேர்ந்தே இந்த வடிவத்தைத் தந்திருக்க வேண்டும்.

கியோத்தோ 794ஆம் ஆண்டில் தலைநகரானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பேரரசர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் இன்று கண்ணில் படும் மச்சியாக்கள் அவ்வளவு பழையவை அல்ல. 1864இல் நடந்த உள்நாட்டுச் சண்டையில் மூண்ட தீ இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை விழுங்கிவிட்டது. ஆகவே நகரின் நடுப்பகுதியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழும்பியவை. இரண்டாம் உலகப் போரில் மற்ற ஜப்பானிய நகரங்கள் குண்டுமழையில் எரிந்தபோது கியோத்தோ பெருமளவு தப்பியது. அதனால்தான் இந்த மரவீடுகள் இவ்வளவு எண்ணிக்கையில் மிஞ்சின.

வீட்டின் முகத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். சன்னல்களில் நெருக்கமான மரக் கிராதி. உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம். தெருவில் போகிறவர் உள்ளே பார்க்க முடியாது. சுவரடியில் மூங்கிலை வளைத்துச் செய்த ஒரு தடுப்பு. நாயும் மழைச்சேறும் சுவரைக் கெடுக்காமல் இருப்பதற்கு. ஓட்டுக்கூரையின் மேல் முறைத்துப் பார்க்கும் சின்ன மண்பொம்மை. கெட்டதை விரட்டும் காவல் தெய்வம். சில வீடுகளில் வாசல் சுவரோடு மடித்து வைக்கும் பலகையும் உண்டு. இறக்கிவிட்டால் அது திண்ணை. பகலில் சரக்கைப் பரப்பலாம். மாலையில் உட்கார்ந்து அண்டை வீட்டாரோடு கதை பேசலாம்.

பாட்டிக்கு அந்தப் பலகையைப் பார்த்ததும் முகம் மாறுகிறது. "இது நம்ம ஊர்த் திண்ணை மாதிரியில்ல இருக்கு!"

உள்ளே போனால்

காலணியைக் கழற்றாமல் யாரும் மேலே ஏற முடியாது. இதை அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவைத் தாண்டியதும் ஒரு பக்கமாக நீண்ட நடை. அது முன்வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் போகிறது. அந்தக் காலத்தில் அதுதான் சமையற்கட்டு. மண் அடுப்பும், பல வீடுகளில் கிணறும் அந்த நடையில்தான் இருந்தன. அண்ணாந்து பார்த்தால் மேல்மாடி இல்லை. கூரை வரைக்கும் வெட்டவெளி. புகை மேலே போவதற்கும், தீப்பொறி எழுந்தால் உடனே எதையும் தொட்டுவிடாமல் இருப்பதற்கும் அப்படி விட்டார்கள். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதாகோ கோயிலிலிருந்து வந்த காப்புத்தாள். நெருப்பிடம் எச்சரிக்கையாக இரு என்பதே அதன் வாசகம். மரமும் தாளும் வைக்கோலும் கொண்டு கட்டிய நகரத்தில் அதைவிடப் பெரிய வேண்டுதல் வேறு என்ன இருக்க முடியும்?

நடையின் மறுபக்கம் அறைகள். தரையில் கோரைப்பாய் மெத்தை. அதன் பெயர் தத்தாமி. புதிதாக மாற்றிய பாயின் பச்சை வாசனை வீடு முழுவதும் இருக்கிறது. அறைக்கும் அறைக்கும் நடுவே சுவர் இல்லை. பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவுகள். அவற்றை எடுத்துவிட்டால் மூன்று அறை ஒரே கூடமாகிவிடும். அறைகளுக்கு அப்பால், யாரும் எதிர்பாராத இடத்தில், ஒரு முற்றம். நான்கைந்து அடி அகலத்தில் பாசி படிந்த கற்கள், ஒரு கல்விளக்கு, ஒரு நீர்த்தொட்டி, ஒரு மரம்.

அந்த முற்றம் அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. நீண்ட வீட்டின் நடுவில் வெளிச்சம் வருவது அதன் வழியாகத்தான். வீட்டில் இரண்டு தோட்டங்கள் இருந்தால் ஒன்றில் மட்டும் தண்ணீர் தெளிப்பார்கள். ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாக இருக்கும்போது இரண்டுக்கும் நடுவே காற்று ஓடும். கியோத்தோ மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு; கோடையில் புழுங்கித் தள்ளும். அதனால் ஜூன் மாதம் வந்தால் தாள் கதவுகளைக் கழற்றிவிட்டு நாணல் கதவுகளை மாட்டுவார்கள். தத்தாமியின் மேல் பிரம்புப் பாய் விரிப்பார்கள். வீடே உடை மாற்றிக்கொள்ளும்.

"நடுவில முற்றம் வச்ச வீடு பார்த்து எத்தனை வருஷமாச்சு" என்று சொல்லிக்கொண்டே பாட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறார். இனி அவரை எழுப்புவது கடினம்.

எது சொகுசு?

சொகுசு விடுதி என்றால் பளிங்குத் தரையும் தொங்கும் விளக்கும் நினைவுக்கு வரும். இங்கே எதுவும் இல்லை. அறையில் ஒரு தாழ்ந்த மேசை, நான்கைந்து திண்டு. சுவரில் குழிந்த மாடம் ஒன்று. அதில் ஒரு சித்திரச் சுருள், ஒற்றைப் பூ. அவ்வளவுதான். மெத்தையைக்கூட இரவில்தான் விரிப்பார்கள்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிறையச் செலவு செய்திருக்கிறார்கள். பழைய மச்சியா குளிர்காலத்தில் எலும்பை நடுக்கும். ஆகவே மரத்தரைக்கு அடியில் வெப்பமூட்டும் குழாய்கள் ஓடுகின்றன. குளிர்சாதனம் மரக் கிராதிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கொல்லைப்புறத்தில் இருந்த பழைய குளியலறையின் இடத்தில் ஹினோக்கி மரத்தில் செய்த தொட்டி. வெளியில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் அதில் இறங்க வேண்டும். ஒருவர் முடித்ததும் நீரை வடித்துவிடக்கூடாது. குடும்பத்தில் எல்லாருக்கும் அதே வெந்நீர்தான். தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்து பார்த்தால் தோட்டத்து மரம் தெரிகிறது. வேறு சத்தம் இல்லை.

மருமகளுக்கு அதுதான் சொகுசு. சமையல் இல்லை, தொலைக்காட்சி இல்லை, அடுத்த அறையில் யாரோ கதவை அடிக்கும் சத்தம் இல்லை. "அத்தை, இங்கேயே இருந்துடலாம் போல இருக்கு" என்கிறார்.

அந்த நேரம் பார்த்துப் பேரன் தாள் கதவில் விரலை விட்டு ஓட்டை போட்டுவிடுகிறான். மகனுக்குக் குலை நடுங்குகிறது. எத்தனை ஆயிரம் யென் கேட்பார்களோ! பொறுப்பாளர் வந்து பார்க்கிறார், சிரிக்கிறார். பூ வடிவத்தில் வெட்டிய சின்னத் தாளைப் பசை தடவி ஓட்டையின் மேல் ஒட்டுகிறார். பிள்ளைகள் இருந்த வீடுகளில் அம்மாமார் அப்படித்தான் ஒட்டுவார்கள். ஒரு கதவில் பூக்கள் அதிகம் இருந்தால் அந்த வீட்டில் குறும்புக்காரப் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம்.

நாளுக்கு இரண்டு வீடு

நேயர்களே, இவ்வளவு அருமையான வீட்டை அதன் சொந்தக்காரர் ஏன் விட்டுவிட்டுப் போனார்? இதுதான் கதையின் கசப்பான பகுதி.

2016ஆம் ஆண்டை ஒட்டிக் கியோத்தோ மாநகர் மன்றம் கணக்கெடுத்தபோது நகரில் சுமார் 40,000 மச்சியாக்கள் மிஞ்சியிருந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 வீதம் இடிந்துகொண்டிருந்தன. நாளுக்கு இரண்டு வீடு என்று கணக்கு. மிஞ்சியவற்றில் ஏழில் ஒன்று ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது.

காரணங்கள் பல. வீட்டுக்காரப் பெரியவர் இறந்துபோவார். பிள்ளைகள் தோக்கியோவிலோ ஒசாக்காவிலோ இருப்பார்கள். மனையின் விலை வானத்தில் இருக்கும். அதற்கேற்ற வாரிசு வரி கட்ட வேண்டும். மனையை விற்றால்தான் வரி கட்ட முடியும். வாங்குகிறவருக்கு வீடு வேண்டாம், இடம்தான் வேண்டும். வீடு போய் வாகன நிறுத்துமிடமோ அடுக்குமாடியோ வந்துவிடும். இன்னொரு சிக்கல் சட்டம். 1950இல் வந்த கட்டடச் சட்டத்துக்கு முன் கட்டியவைதான் இந்த வீடுகள். மச்சியாவின் தூண்கள் மண்ணில் புதைக்கப்பட்டவை அல்ல; கற்களின்மேல் சும்மா நிற்கின்றன. அதன் முகப்பு முழுவதும் திறந்த மரம். இன்றைய தீத்தடுப்பு, நிலநடுக்க விதிகளின்படி நகர நடுவில் அதே மாதிரி புதிதாகக் கட்டுவது மிகக் கடினம். ஒன்று இடிந்தால் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

இது கியோத்தோவின் கவலை மட்டுமல்ல. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜப்பான் முழுவதும் ஆளில்லா வீடுகள் 90 லட்சம். மொத்த வீடுகளில் 13.8 விழுக்காடு. மச்சியாக்களின் நிலைமையைப் பார்த்து, அனைத்துலக நினைவுச்சின்ன நிதியம் 2010ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட ஆபத்திலுள்ள மரபிடங்களின் பட்டியலில் அவற்றைச் சேர்த்தது.

பணம் செய்த நன்மை

இந்த நேரத்தில்தான் பயணி உள்ளே வருகிறார். இந்தப் போக்குக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் அலெக்ஸ் கெர் என்ற அமெரிக்க எழுத்தாளர். 1973இல், இளைஞராக இருந்தபோதே, ஷிக்கோக்கு தீவின் மலைப்பள்ளத்தாக்கில் கைவிடப்பட்ட ஒரு கூரைவீட்டை வாங்கிச் செப்பனிட்டவர். அழிந்துவரும் ஜப்பானைப் பற்றி ஜப்பானிய மொழியிலேயே எழுதிய நூலுக்கு 1994இல் ஜப்பானின் இலக்கியப் பரிசு ஒன்றைப் பெற்றவர். 2004ஐ ஒட்டி அவர் கியோத்தோவில் ஒரு நிறுவனம் தொடங்கி, பழைய மச்சியாக்களைச் சீரமைத்து, முழு வீடாகப் பயணிகளுக்கு வாடகைக்குக் கொடுத்தார். கூரையும் சுவரும் பழையபடி. குளியலறை, வெளிச்சம், வெப்பம் எல்லாம் புதுசு. பழைய வீட்டில் இன்றைய மனிதர் நடுங்காமல் வாழ முடியும் என்று காட்டினால்தான் அதை இடிக்காமல் விடுவார்கள் என்பது அவர் கணக்கு.

கணக்கு பலித்தது. ஆயிரக்கணக்கில் வீடு பூட்டிக் கிடந்த நகரத்தில் பழைய வீடு வருமானம் தரும் சொத்தானது. சீரமைக்க ஆள் தேவைப்பட்டது. தூணின் அடிப்பகுதி உளுத்துப்போனால் அதை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, புது மரத்தைப் பல்லோடு பல்லாகக் கோத்து இணைக்கும் தச்சர்களுக்கு வேலை கிடைத்தது. மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, வைக்கோல் கலந்த மண்ணைப் பல பூச்சாகப் பூசும் கொத்தர்களுக்கு வேலை கிடைத்தது. உதிர்ந்த பழைய மண்ணையே மீண்டும் குழைத்துப் பூசுவார்கள் அவர்கள். தத்தாமி பின்னுகிறவர், தாள் கதவு ஒட்டுகிறவர், ஓடு வேய்கிறவர் எல்லாருக்கும் அடுப்பெரிந்தது.

தெருவுக்கும் கொஞ்சம் வந்தது. கியோத்தோவில் வீட்டுக்கே விருந்துச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவரும் கடைகள் உண்டு. இது அங்கே பழைய வழக்கம். அந்தக் குடும்பத்துக்கு இரவுச் சாப்பாடு அப்படித்தான் வந்தது. அரக்குப் பெட்டிகளில் அடுக்கடுக்காக. பாட்டி மட்டும் கைப்பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்தார். அது வேறு விஷயம்.

ஆகவே, பணம் வந்திராவிட்டால் அந்த வீடு இன்று வாகன நிறுத்துமிடம். இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

விளக்குமாறு நின்ற இடம்

மறுநாள் விடியற்காலை. பாட்டிக்குப் பழக்கதோஷம், ஐந்தரைக்கே விழித்துவிட்டார். வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு வாசலில் அவர் வயதையொத்த ஓர் அம்மையார் கூட்டிக்கொண்டிருக்கிறார். தன் வாசலைக் கூட்டி முடித்ததும் இந்த வீட்டின் பக்கமாக ஓர் அடி தூரம் சேர்த்துக் கூட்டுகிறார். பிறகு விளக்குமாற்றை நிறுத்திவிடுகிறார். கூட்டின இடத்துக்கும் கூட்டாத இடத்துக்கும் நடுவே கோடு போட்டது போலத் தெரிகிறது. இந்தப் பக்கம் இலைகள் அப்படியே கிடக்கின்றன.

அதற்கு அர்த்தம் உண்டு. கியோத்தோவில் காலையில் வாசல் கூட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தன் எல்லையோடு நிறுத்திக்கொண்டால் கஞ்சத்தனம். அடுத்த வீட்டு வாசல் முழுவதையும் கூட்டிவிட்டால் அவருக்கு நன்றிக்கடன் ஏற்றிவிட்டதாகும், அது சங்கடம். ஆகவே ஓர் அடி தாண்டிக் கூட்டுவார்கள். அந்தப் பக்கத்து வீட்டாரும் ஓர் அடி இந்தப் பக்கம் கூட்டுவார். இரண்டு விளக்குமாறும் ஒரே இடத்தைத் தொடும். அண்டை அயல் என்பது அந்த ஓர் அடிதான்.

விடுதியான வீட்டில் அந்த ஓர் அடியைத் திருப்பிக் கூட்ட ஆளில்லை. துப்புரவுப் பணியாளர் வருவார். பயணிகள் கிளம்பிப் போன பிறகு வருவார். வாசலும் சுத்தமாகும். ஆனால் விடியற்காலையில் அந்த அம்மையார் 'இன்று குளிர் கூடிவிட்டது' என்று சொல்ல எதிரே ஒரு முகம் இல்லை.

வாசல் கூட்டுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். அதோடு எத்தனையோ சேர்ந்து வருகிறது. வீட்டு வாசல்களில் சிவப்பு வாளியில் தண்ணீர் வைத்திருப்பார்கள். தீப்பிடித்தால் முதலில் ஓடிவர வேண்டியவர் அண்டை வீட்டார். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பிள்ளைகளைக் காக்கும் ஜிசோ சாமியின் சின்னக் கோயில் இருக்கும். ஆகஸ்ட் மாதக் கடைசியில் வட்டாரத்துப் பிள்ளைகளை எல்லாம் கூட்டி அங்கே விழா எடுப்பார்கள். ஜூலையில் கியோன் திருவிழா. அப்போது பழைய வணிகக் குடும்பங்கள் முன்னறையின் கிராதியைக் கழற்றிவிட்டு, பரம்பரையாக வந்த மடிப்புத்திரை ஓவியங்களைத் தெருவுக்குக் காட்டும். இதையெல்லாம் யார் செய்வது? இரண்டு இரவு தங்கிப் போகிறவரா? ஒரு தெருவில் ஒரு வீடு விடுதியானால் பரவாயில்லை. ஐந்து வீடு விடுதியானால் ஜிசோ விழாவுக்குப் பிள்ளைகளை எங்கே தேடுவது?

பெட்டியைப் பொறுப்பாளர் தூக்கிக்கொண்டு நடந்த காரணமும் இதுதான். மண்சுவருக்கும் மெல்லிய மரத்துக்கும் அந்தப் பக்கம் முதியவர்கள் தூங்குகிறார்கள். நள்ளிரவில் வந்திறங்கும் பயணியின் சக்கரச் சத்தம் தெரு முழுக்க எழுப்பிவிடும். இந்தச் சத்தத்தைப் பற்றி எத்தனையோ புகார்கள் போயிருக்கின்றன.

நகரம் போட்ட கட்டு

கியோத்தோ சும்மா இருக்கவில்லை. 2017இல் மச்சியாக்களைக் காப்பதற்கென்றே ஒரு துணைச்சட்டம் போட்டது. குறிக்கப்பட்ட மச்சியாவை இடிக்க விரும்பினால் ஓராண்டுக்கு முன்பே மாநகர் மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். அந்த ஓராண்டில் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ ஆள் தேடிப் பார்ப்பார்கள்.

2018 ஜூனில் வீடுகளை வாடகைக்கு விடும் புதிய தேசியச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 180 நாள்தான் உச்சவரம்பு. விடுதி உரிமம் பெற்ற மச்சியாக்களுக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் கியோத்தோ வேறு கட்டுகளைப் போட்டது. விடுதி தொடங்குமுன் அண்டை வீட்டாருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். வீட்டில் ஆள் தங்காவிட்டாலும் அழைத்தால் பத்து நிமிடத்தில் வந்து சேரும் தூரத்தில் பொறுப்பாளர் இருக்க வேண்டும். 2018 அக்டோபரிலிருந்து தங்குவோரிடம் தங்கும் வரியும் வாங்குகிறது. ஆளுக்கு ஓரிரவுக்கு 200 யென்னிலிருந்து 1,000 யென் வரை என்று தொடங்கிய அந்த வரியை, மிக உயர்ந்த கட்டணத்துக்கு 10,000 யென் வரை 2026 மார்ச்சிலிருந்து உயர்த்த முடிவெடுத்தது. கியோன் வட்டாரத்தில் 2024இல் தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழையக்கூடாது, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்தார்கள்.

பயணியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் நகரம் பார்த்துவிட்டது. 2019இல் ஜப்பானுக்கு மூன்று கோடிக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2020இல் கொரோனா வந்தது. நாட்டின் கதவு சாத்தியது. கியோத்தோவில் எத்தனையோ சிறு விடுதிகள் மூடப்பட்டன. குடும்பம் இருக்கும் வீட்டில் நோய்க்காலத்திலும் விளக்கெரியும். விடுதியான வீட்டில் விளக்கெரிய விமானம் வர வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பயணிகளுக்கு மச்சியாவைத் திறந்துவிட வழிகாட்டிய அதே அலெக்ஸ் கெர், 2019இல் மிகைச் சுற்றுலா ஒரு நாட்டை எப்படிச் சீரழிக்கும் என்று இன்னோர் எழுத்தாளரோடு சேர்ந்து ஒரு நூலே எழுதினார். அவர் மனம் மாறிவிட்டார் என்று சொல்ல வேண்டியதில்லை. மருந்து ஒன்றுதான், அளவு மிஞ்சிவிட்டது.

பாட்டி சொன்ன தீர்ப்பு

விடியற்காலை வாசலில் நின்ற பாட்டியை விட்டுவிட்டு வந்துவிட்டோம். அவருக்கு இந்தச் சட்டம் எதுவும் தெரியாது. ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனால் கோடு போட்டது போல விளக்குமாறு நின்றுபோன இடத்தைப் பார்த்தால் எந்த ஊர்ப் பாட்டிக்கும் புரியும். உள்ளே போய்த் தேடி ஒரு விளக்குமாற்றை எடுத்து வருகிறார். வாசலைக் கூட்டுகிறார். முடித்தபின் பக்கத்து வீட்டுப் பக்கமாகக் கொஞ்சம் தாண்டிக் கூட்டுகிறார். அந்த அம்மையார் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆழமாகக் குனிந்து வணங்குகிறார். பாட்டி கை கூப்புகிறார்.

மகன் பதறிப்போய் வெளியே வருகிறார். "ஏம்மா, இவ்வளவு காசு கொடுத்துட்டு வந்து வாசல் கூட்டுறீங்க?"

"காசு வீட்டுக்குத்தானப்பா கொடுத்தே. தெருவுக்கு என்ன கொடுத்தே?"

நேயர்களே, இது கற்பனைப் பாட்டிதான். ஆனால் அவர் கேட்ட கேள்வி கியோத்தோவோடு முடிவதில்லை. 2008இல் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கேயும் வாசல் குறுகி உள்ளே நீண்ட கடைவீடுகள். நடுவில் வானம் பார்த்த முற்றம். வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டில் நீங்கிய பிறகு பல குடும்பங்கள் ஜார்ஜ்டவுனை விட்டு வெளியேறின. சில கடைவீடுகள் இன்று அழகான சொகுசு விடுதிகள். சுவரில் புதுச் சாயம், ஐந்தடி நடைபாதையில் பூந்தொட்டி. முன்பு அந்த நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

பழமையைக் காப்பது பணமா, பழக்கமா? தூணுக்கும் ஓட்டுக்கும் பணம் வேண்டும். அதைப் பயணி கொடுக்கட்டும்; வரியும் சேர்த்தே கொடுக்கட்டும். அந்த வரியில் ஒரு பங்கு, தெருவில் இன்னும் குடியிருக்கும் குடும்பம் தன் வீட்டைச் செப்பனிடப் போகட்டும். ஒரு தெருவில் எத்தனை வீடு விடுதியாகலாம் என்பதைத் தெருக்காரர்களும் சேர்ந்து முடிவு செய்யட்டும். இவை அரசாங்கமும் மாநகர் மன்றமும் செய்ய வேண்டியவை.

பயணி செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அடுத்த விடுமுறையில் கியோத்தோவுக்கோ பினாங்குக்கோ போய் ஒரு பழைய வீட்டில் தங்குகிறவர்கள் பயணப்பெட்டியைத் தெருமுனையிலேயே கையில் தூக்கிக்கொள்ளட்டும். அந்த ஐம்பது அடி தூரம் கை வலிக்கும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் தூக்கம் கலையாமல் இருப்பார்.